டைனமோவும் வெயிலும் ஒரே பெட்டிக்குள்

வண்டிக்குள் ஆட்களைத் தூங்க வைத்துப் பிழைக்கிற தொழிலில், தூக்கம் கெடுவது வண்டிக்காரிக்குத்தான்.

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்களுக்காக, என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றில் கட்டில், மின்விசிறி, சின்ன பிரிட்ஜ் எல்லாம் வைத்தார். அவர் ஓட்டுவார், நான் சமைப்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கரண்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். கணவர் புதிதாக எதை வாங்கினாலும் இரண்டடி தள்ளி நிற்கிறவர்கள் உங்களில் இருந்தால், நாம் ஒரே சாதி.

தண்ணீர் வந்தது, வண்டி நகரவில்லை

சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரிக்கரைச் சேற்றுத் திட்டில் வண்டியை நிறுத்தியிருந்தோம். உள்ளே ஒரு சென்னைக் குடும்பம். ஃபேன், பிரிட்ஜ் எல்லாம் இரவு முழுக்க இன்ஜின் பேட்டரியிலேயே ஓடின. விடிந்ததும் காற்று திரும்பி, தண்ணீர் டயரைத் தொட்டது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. அந்தக் குடும்பத்தின் சின்னப் பெண் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக் கை தட்டிச் சிரித்தாள். நான் கரையைப் பார்த்துக் கத்தினேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து மேட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

தள்ளியவர்களில் ஒருவர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: “இன்னாக்கா, படகுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா கயிறு எடுத்துனு வந்திருப்போமே!”

கடைக்காரரின் டீ

கட்டில் பக்கத்துக்குத் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வேண்டும் என்றானது. அதை எப்படி சார்ஜ் செய்வது? இரண்டு பேட்டரியையும் ஒரு ஒயரால் இணைத்தால் போதும் என்றார் வீட்டுக்காரர். கூடாது, லித்தியம் அளவில்லாமல் இழுக்கும், இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருகிற டைனமோ சூடேறிக் கருகும் என்றார் சென்னைக் கடைக்காரர். வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்தும், நிற்கும்போது கூரைமேல் உள்ள சோலார் பேனலிலிருந்தும் அளவாக வாங்கிக் கொடுக்கிற ஒரே பெட்டி இருக்கிறதாம். இன்ஜின் பேட்டரியையும் வற்றவிடாதாம். வெடிக்குமா, ஷாக் அடிக்குமா, உப்புக்காற்று தாங்குமா, சீட்டுக்கு அடியில் காற்றில்லாமல் வைத்தால் தீப்பிடிக்குமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“அம்மா, நீங்க கேக்க கேக்க, விக்கிற எனக்கே பயமா கீது. ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்.”

பத்திரம்

பெட்டியை மாட்டினோம். பேனல் இணைப்பில் இருக்கும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் படகு கரைக்கு வந்ததும் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டு வருவது. அதைப் படகிலேயே விட்டுவிட்டு வந்தவனை ஊரே திட்டும். ஒரு நாள் உச்சி வெயிலில் வண்டி நின்றிருந்தது. நான் ஓரமாக மீன் அலசிக்கொண்டிருந்தேன். வண்டிக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டியில் விளக்கே இல்லை. பின்னால் கொழுந்தன், தோளில் பேட்டரி, முகம் நிறையச் சிரிப்பு.

“அண்ணி, எவனாவது தூக்கினு போயிடுவான்னு பத்திரமா கழட்டிட்டேன். எங்க வைக்கட்டும்?”

சாவி யாரிடம்

ஞாயிற்றுக்கிழமைக்குக் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர், ஒரு தடவைதானே, பெட்டி இல்லாமலே நேராக ஒயரை இழுத்துவிடலாம் என்றார். குழந்தை தூங்கும் கட்டிலுக்குக் கீழே அந்த ஒயர் ஓடுவதை நினைத்ததும் வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். புதுப் பெட்டி வராமல் வண்டி போகாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அவர் என்னோடு கடைக்குக் கிளம்பினார்.

இந்த முறை கடையில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “இன்னொரு கொழுந்தன் வந்து கழட்டினா இன்னா ஆகும்?” அதே மாதிரிப் பெட்டிதான், ஆனால் பேனலுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சுவிட்சு, பேட்டரிக்கு இரும்பு மூடி, அதற்குப் பூட்டு என்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தார் கடைக்காரர்.

ஞாயிறன்று ஏரிக்கரையில் குழந்தை ஃபேன் காற்றில் தூங்கியது. மதியம் தண்ணீர் ஏறியதும் சாவியைத் திருப்பினார் வீட்டுக்காரர். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது. நான் போய் மறுபடியும் பூட்டை இழுத்துப் பார்த்தேன். குழந்தையின் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“அக்கா, நாங்க பூநாரையப் பாக்க வந்தோம், நீங்க வந்ததுலேருந்து அந்தப் பூட்டையேதான் பாத்துனு கீறீங்க.”

சரியான பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் பயம் தீரும் என்றார்கள், எனக்கு அந்தப் பயமும் இப்போது பேட்டரியோடு சேர்ந்து முழுசாக சார்ஜ் ஆகிறது.