நூற்றுப் பன்னிரண்டு கோட்டு

முத்துப்பாண்டி வீட்டில் பதினான்கு பம்புகள் இருக்கின்றன. ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் வராது. எல்லாம் அந்தக் காலத்தில் பேரலிலிருந்து எண்ணெயும் சீமெண்ணெயும் இறைத்த கைப்பம்புகள். பழைய இரும்புக்கடையில் ஒன்றைப் பார்த்துவிட்டால் மனிதனுக்கு வீடுவாசல் மறந்துபோகும். தூக்கிவந்து, எந்த வருஷத்தது என்று கண்டுபிடித்து, சீட்டு எழுதிக் கழுத்தில் கட்டிவிடுவான். இராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் அவன் ஃபிட்டர், நான் டைம் ஆபீஸ். முப்பத்தைந்து வருஷம் அவனைச் சகித்துக்கொண்டவன் நான்.

வருஷம் கண்டுபிடிக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். எங்கள் பக்கம் ஆயுத பூஜை வந்தால் மில்லோ கடையோ, இரும்பு என்று எது நின்றாலும் அதற்குப் புதுப் பெயிண்ட் உண்டு. பழையதைச் சுரண்ட யாருக்கும் பொறுமை கிடையாது, மேலேயே பூசிவிடுவார்கள். முத்துப்பாண்டி பாதி பிளேடை எடுத்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சரிவாகச் சுரண்டுவான். இரும்பு தெரியும்வரை வளையம் வளையமாகப் பெயிண்ட் வரும். லென்ஸை வைத்து எண்ணுவான்.

“ஒரு பூசைக்கு ஒரு கோட்டு. பொறவு என்னலே கஷ்டம்?” என்பான்.

ஊரில் ஒருவரும் அவனைப் பாராட்டியதில்லை. ரிட்டயர் ஆன நாளிலும் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கொரோனா ஊரடங்கு. செக்யூரிட்டி கேட்டுக்கு வெளியே கவரை நீட்டினான், இவன் மாஸ்க்கோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். எனக்கெல்லாம் மாலை, பொன்னாடை, கேசரி என்று தடபுடலாக நடந்திருந்தது. என் வீட்டில் மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவை வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

போன சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராபர்ட் கூப்பிட்டார். மோட்டார், பைப் கடைக்காரர். தாத்தா காலத்தில் அது சீமெண்ணெய்க் கடை. 2012 வரை சீமெண்ணெய் ஊற்றிய பம்பு இன்னும் கடையில் இருக்கிறது, அதற்குப் பெயிண்ட் அடிப்பதும் அந்த வருஷத்தோடு நின்றுவிட்டது. புதுக் கட்டடத்துக்குப் போர்டு எழுத வேண்டும், கடை தொடங்கிய வருஷம் யாருக்கும் தெரியவில்லை. பம்பு மட்டும் முதல் நாளே வாங்கியது என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார்.

முத்துப்பாண்டி என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அந்தப் பம்பு இரும்பைவிடப் பெயிண்டால்தான் நின்றுகொண்டிருந்தது. சுரண்டினான், எண்ணினான். நூற்றுப் பன்னிரண்டு கோட்டு.

“ஒரு வருசம் நீலம், மறு வருசம் வெள்ளை. என்னா ரசனையான மனுசன்யா உங்க தாத்தா!” என்று உருகினான். “கடை பொறந்தது 1900.”

ராபர்ட்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போர்டில் ‘1900 முதல்’ என்று ஆளுயரத்துக்கு எழுதச் சொன்னார். “திறப்புவிழாவுக்கு வந்திருங்க அண்ணாச்சி. உங்களுக்குப் பொன்னாடை போடணும்” என்றார். முத்துப்பாண்டி அன்றைக்கே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தான்.

விழாவுக்கு அவன் மனைவி மாரிச்செல்வியும் வந்தாள். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிப்பு எண்ணுவது அவள் வேலை. மாலை போட்ட பம்பின் முன்னால் குனிந்து, சுரண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, வருசத்துக்கு எத்தன தடவ பெயிண்ட் அடிப்பிய?”

“ரெண்டு தடவக்கா,” என்றார் ராபர்ட். “ஆரம்பத்துல இருந்தே கூட்டுக்கடை. கூட்டாளி சங்கையா மாமா வீட்டுல ஆயுத பூசைக்கு நீலம் அடிப்பாக. நாங்க கிறிஸ்மஸுக்கு வெள்ளை அடிப்போம்.” சொல்லிவிட்டு மைக் பிடிக்க ஓடினார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

முத்துப்பாண்டிக்கு உறைத்துவிட்டது. போர்டை நிமிர்ந்து பார்த்தான். மேடையில் அவன் பெயரைச் சொன்னார்கள்.

நான் அவன் கையைப் பிடித்தேன். “ஏலே, வாய மூடிக்கிட்டு பொன்னாடைய வாங்கிட்டு வா. செத்தவனா எந்திரிச்சு வந்து கேக்கப் போறான்?”

போனான். ராபர்ட் பொன்னாடையை விரித்தார். இந்த மடையன் அவர் கையைத் தடுத்து, மைக்கை வாங்கிவிட்டான். “மன்னிச்சிருங்க. ரெண்டு கோட்டு சேந்தாத்தான் ஒரு வருசம். நான் தனித்தனியா எண்ணிட்டேன். கடை பொறந்தது 1956.”

கூட்டம் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். ராபர்ட் போர்டைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முத்துப்பாண்டி தலையைத் தொங்கப்போட்டு இறங்கினான். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. கண்ணும் கலங்கியது, அதையும் மறைப்பானேன்.

மாரிச்செல்வி விறுவிறுவென்று மேடை ஏறினாள். “அதக் கொடுங்க தம்பி. அம்புட்டுப் பேரு முன்னால தப்ப ஒத்துக்கிட்டாகல்ல, அதுக்குப் போடுறேன்” என்று ராபர்ட்டின் கக்கத்திலிருந்து உருவி, புருஷன் தோளில் போர்த்திவிட்டாள். முதலில் கைதட்டியது ராபர்ட்தான்.

இராஜபாளையம் டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றியது. முத்துப்பாண்டி பொன்னாடையைக் கழற்றவே இல்லை.

“என்ன அண்ணாச்சி, கல்யாண வீடா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“இல்லப்பா,” என்றான் முத்துப்பாண்டி. “இன்னைக்கு ரிட்டயர்மெண்டு.”