ஜெனிட்டாவின் அப்பாவுக்கான மிக்ஸ்

போன வாரம் பழைய பேருந்து நிலையத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்குக் கிடைத்தது ஸ்பீக்கரை ஒட்டிய இடம். பாட்டு காதில் விழவில்லை. விலா எலும்பில்தான் விழுந்தது. ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இருபத்து நான்கு வயதில் நானும் செல்வினும் இதே குற்றத்தைத் தொழிலாகவே செய்துகொண்டிருந்தோம்.

செல்வின் நாசரேத்துக்காரன். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள் என்பதால் எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வான். நான் படிக்காமலே செய்வேன். என் சித்தப்பாவின் பாத்திரக்கடை மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர்: அதுதான் எங்கள் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. கீழே ஒரு குண்டான் உருண்டால் மேலே பதிவாகிக்கொண்டிருந்த ஒரு டேக் போச்சு. அறை எதிரொலிக்கக் கூடாதென்று சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். மழை நாளில் கோழிப்பண்ணை வாசம் வரும். இப்படிப் பாடுபட்டு விரட்டிய எதிரொலியை, ரிவெர்ப் என்ற எஃபெக்ட் போட்டு வாளி வாளியாகத் திரும்ப ஊற்றுவோம். மாஸ்டரிங் என்றால், எங்கள் அகராதியில், எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி அலறவிடுவது.

அங்கேதான் ஜெனிட்டா வந்தாள். தருவைகுளத்துக்காரி, எங்களோடு கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகி மும்பைக்குப் போக ஒரு வாரமே இருந்தது. அதற்குள், அப்பாவுக்கென்று தானே எழுதி மெட்டமைத்த ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்தாள். நாங்கள் எலெக்ட்ரானிக் தாளம் சேர்த்து மிக்ஸ் செய்து முடித்து, பெருமையாகப் போட்டுக் காட்டினோம்.

"ஏலே, நான் மைக்லதானல பாடுனேன்? கெணத்துக்குள்ள விழுந்தவ மாதிரில்லா கேக்குது."

"அது ஆம்பியன்ஸ்," என்றான் செல்வின்.

"ஆம்பியன்ஸாம்! மொதல்ல என்னைய வெளிய தூக்குங்கல."

ரிவெர்பைக் குறைத்துத் தூக்கினோம். பென்டிரைவில் வாங்கிப் போனாள். மறுநாள் வந்தபோது முகத்தில் கேலி இல்லை.

"அப்பா நல்லாருக்குன்னு சொல்லுதாங்க. நான் என்ன பாடுனேன்னு கேட்டா முழிக்காங்க. தாளம் மட்டுந்தான் கேட்டிருக்கு."

அவள் அப்பா முப்பது வருடமாக விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தார். இஞ்சின் இரைச்சல் அவர் காதில் மெல்லிய, கூர்மையான ஒலிகளை மட்டும் தின்றுவிட்டிருந்தது. பேச்சில் வார்த்தையைப் பிரித்துக் காட்டுபவையே அவைதான். டாக்டரிடம் வர மாட்டேன் என்று பிடிவாதம். ஜெனிட்டாவுக்குக் கண் கலங்கியது. நாங்கள் இருவரும் முட்டை அட்டையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் காலை அவரையே மாடிக்குக் கூட்டி வந்தாள். கேட்கப் போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. செல்வின் தாளத்தை எடுத்தான், பேஸைக் குறைத்தான், ஈக்வலைசரில் கூர்மையான பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான்.

"கேக்குதா மாமா?"

"கேக்குது, கேக்குது." எதைப் போட்டாலும் அதே பதில். அவ்வளவு மரியாதை.

"சும்மா சொல்லாதீங்கப்பா," என்றாள் ஜெனிட்டா. "என்ன வார்த்தைன்னு சொல்லுங்க."

மதியமாகிவிட்டது. எங்களுக்குப் பல் கூசியது; குரல் தகரத்தைக் கீறுவது போலிருந்தது. அவர் மட்டும் தலையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'கரை எங்கயும் போகாதுப்பா'ன்னா பாடுத?"

"ஆமாப்பா."

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போறது நீதானளா," என்றார்.

அந்த மிக்ஸை வேறு யாராலும் ஒரு நிமிடம்கூடக் கேட்க முடியாது. கடலுக்குப் போகும்போதெல்லாம் அதைப் போடுவாராம்; படகில் கூட வந்தவர்கள் கெஞ்சியும் அவர் நிறுத்தியதில்லை என்று கேள்வி.

இரண்டு வருடத்துக்கு முன் மும்பையிலிருந்து வந்த ஜெனிட்டா அவரை இழுத்துப் போய்க் காதுக்கருவி மாட்டிவிட்டாள். நான் பார்க்கப் போனபோது அந்தப் பாட்டைப் போட்டார். கருவி ஏற்றிய கூர்மைக்கு மேல் நாங்கள் ஏற்றியதும் சேர, அரை வரியிலேயே நிறுத்தினார்.

"இத எவம்ல இப்படிக் கீச்சுக்கீச்சுன்னு செஞ்சது?"

"செல்வின்தான் மாமா," என்றேன், கூசாமல்.

தாளத்தோடு முதலில் செய்த, ஊரில் எல்லோரும் கேட்கக்கூடிய பழைய மிக்ஸை அன்றே அவர் போனுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது தினமும் அதைத்தான் கேட்கிறாராம். நாங்கள் ஒழுங்காகச் செய்த ஒரே மிக்ஸ் அந்தக் கீச்சு மிக்ஸ்தான். அதைக் கேட்க உலகத்தில் இனி ஒரு காதும் இல்லை.