முதுகில்லாத ஊர்

எழுபதுகளின் நடுவில் புனேயில் கேம்ப் வட்டாரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்தேன். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து, நான் படிப்பை முடிப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவும் நானும் புனேயிலேயே கட்கிப் பகுதியில் இரண்டு அறை வீட்டுக்கு வந்திருந்தோம்.

பள்ளியில் தமிழ் பேசுகிறவர்கள் என்னைத் தவிர இரண்டே பேர். ஒருவர் ஆபீஸ் கிளார்க். மதுரைக்காரர். கவிதை எழுதுவார். சிறு பத்திரிகைகள் தபாலில் வரும்போது பைல்களுக்கு அடியில் வைத்துப் படிப்பார். இன்னொருவர் ஜாக்ரஃபி மிஸ். மூன்று தலைமுறையாகக் கேம்பில் இருக்கும் திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம். வயது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் மூவரும் மேப் ரூமில் உட்கார்ந்து, டீயில் காரி என்கிற உப்பு பிஸ்கட்டை நனைத்துத் தின்றபடி தமிழில் பேசித் தீர்ப்போம். மற்ற நாட்களில் பள்ளியில் வாய்க்கு அந்த வேலை கிடையாது.

அப்படியொரு சனிக்கிழமைதான் மிஸ் அந்த ஊரைப் பற்றிச் சொன்னார். முப்பது வயதில் டைபாய்டு வந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாராம். அப்போது போய் வந்த ஊர். தக்காணப் பீடபூமியின் மண்வகைகளைச் சொல்வதுபோல, குரலில் ஏற்றமோ நடுக்கமோ இல்லாமல் சொன்னார்.

"அங்க எதுக்குமே முதுகு கிடையாது. மரத்துக்கு, வீட்டுக்கு, ஆளுக்கு, எதுக்கும். எந்தப் பக்கம் போய் நின்னாலும் அது உங்களப் பாத்துத்தான் நிக்கும்."

"சொர்க்கமா மிஸ்?" என்று கேட்டேன்.

"பேரு வைக்கதுக்கு நான் யாரு? வேதத்துல, மலை ஏறிப் போன தீர்க்கதரிசிக்கே ஆண்டவர் முதுகைத்தான் காட்டினாரு. இங்க நமக்குக் கிடைக்கது அவ்வளவுதான். எல்லாரும் எல்லாருக்கும் முதுகக் காட்டிட்டுப் போயிக்கிட்டே இருக்கோம். பாவம்னா எனக்குத் தெரிஞ்சு அதுதான். உயிர்த்தெழுதல்னா முதுகு போயிடுதது."

கிளார்க் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அங்க என்ன பாஷை பேசுறாங்க மிஸ்?"

"தமிழ் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இறந்தகாலம் இல்ல. யாரும் இறக்கலியே, பெறகு இறந்தகாலம் எதுக்கு?"

இதை அவர் ஒருமுறை சபைப் பெண்கள் கூட்டத்தில் சொல்லப்போய், இனி பேச வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டாராம். மிஸ் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் கோடு போட்ட நோட்டுகளில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் ஒரு கதை மாதிரித்தான் சொன்னார். அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது நாங்கள் இரண்டு பேரும்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க கிளார்க் இறந்தகாலமே வராத கவிதைகளாக எழுதினார். எல்லாம் அவருடைய தங்கையைப் பற்றி. ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோன பெண் என்று முன்பு எனக்குச் சொல்லியிருந்தார். கவிதைகளில் அவள் பூப்பறித்தாள் என்று இருக்காது, பறிக்கிறாள். செத்தாள் என்பதற்கு அங்கே இடமே இல்லை. படிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. பத்திரிகைகள் உடனுக்குடன் போட்டன. கடிதங்கள் வந்தன. ஈரோட்டிலிருந்து ஒருவர், கவிதையைப் படித்ததிலிருந்து தன் வீட்டில் ஒரு நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருப்பதாக எழுதினார். ஏன் என்று எழுதவில்லை.

பிறகு அது அவருடைய பேச்சிலும் இறங்கியது. "நேத்து மழை பெய்யுது" என்பார். "போன மாசம் நான் ஊருக்குப் போறேன்" என்பார். ஆபீஸில் விளையாட்டு என்று நினைத்தார்கள். ஒரு மத்தியானம் பள்ளிக்கு எதிரே இருந்த இரானி ஹோட்டலில் எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று டீ சொன்னார். மூன்றாவதை ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் தள்ளி வைத்துவிட்டு, "அவ சூடா குடிக்க மாட்டா. ஆறட்டும்" என்றார்.

"சார், தங்கச்சி தவறிப்போயிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு சொல்லைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை. "இருக்கா டீச்சர்" என்றார் கடைசியில்.

அடுத்த வாரம் அதே ஹோட்டலுக்கு நான் தனியாகப் போனேன். வெயிட்டர் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்து, ஒன்றை எனக்கும் மற்றதைக் காலி நாற்காலிக்கும் வைத்தான். நான் நிமிர்ந்து பார்த்ததும் அசடு வழியச் சிரித்து, பழக்கமாகிவிட்டது என்று இந்தியில் சொல்லி எடுத்துக்கொண்டு போனான்.

இதையெல்லாம் பார்த்த பிறகாவது நான் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம். இல்லை. என் மனத்தில் அப்பாவின் முகம் சரியாக இல்லை என்பதுதான் என்னை விரட்டியது. விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகும் காக்கிச் சட்டை முதுகுதான் எப்போதும் நினைவுக்கு வரும். மிஸ் சொன்ன ஊரில் அந்த முதுகு இருக்காதே, என்ன இருக்கும் என்று யோசித்தேன். ஆளுயர ஹார்ட்போர்டு ஒன்று வாங்கி வந்து உள்ளறையில் சாத்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்தேன். ஒரு தெரு, அதில் நிறையப் பேர். எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். வீடுகளும் வேப்பமரமும்கூட. நடுவில் அப்பா.

போட்டோவைப் பார்க்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். கை போன போக்கில் விட்டேன். எனக்குத் தெரிந்த நாளெல்லாம் அப்பாவுக்குத் தாடி உண்டு. படத்தில் தாடியில்லாமல் வந்தார். நான் திருத்தவில்லை.

அம்மா காப்பியோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது? தாவாக்கட்டையில அந்தத் தழும்பு உனுக்கு எப்டித் தெரியும்?"

பெயின்ட் வழிந்ததென்று நினைத்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். கீழுதட்டுக்குக் கீழே சாய்வாக ஒரு கோடு.

"லேத்துல இருந்து இரும்புத்துண்டு தெறிச்சிது. நீ வயித்துல கூட இல்ல அப்போ. அத மறைக்கத்தான் தாடியே வெச்சாரு. நான் யாருக்கும் சொன்னதில்லியே."

எப்போதாவது என் காதில் விழுந்திருக்கலாம். பழைய போட்டோ எதிலாவது பார்த்திருக்கலாம். இன்றுவரை எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் சொன்னேன். மறு சனிக்கிழமை என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். உள்ளறை ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. படத்துக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, முகத்தைப் படத்திலிருந்து எடுக்காமல், கையால் பின்னால் துழாவிக் கதவைத் தேடி, ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு வைத்து வெளியே வந்தார். சேலை கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. அப்போதும் திரும்பவில்லை.

"என்ன மிஸ்?"

"இத்தன பேரு முகத்தக் காட்டிக்கிட்டு நிக்கும்போது நாம எப்படிம்மா முதுகக் காட்டிட்டு வர?" அவர் நெற்றி வேர்த்திருந்தது. "நான் அங்க இருக்கதச் சொன்னேன். இங்க கொண்டுவரச் சொல்லலியே. இதோட நிறுத்திரு."

நான் நிறுத்தினேன். ஆனால் அம்மா படத்தை விடவில்லை. கட்டிலை உள்ளறைக்கு மாற்றச் சொன்னாள். மத்தியானங்களில் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வாள், பேசுவாள், இடையில் யாரோ பதில் சொல்வதுபோல் காத்திருந்து சிரிப்பாள். அப்பா இருந்த காலத்தில்கூட அவள் அவ்வளவு சிரித்ததில்லை. அந்த அறையிலிருந்து அவளும் பின்னுக்கு நடந்தே வெளியே வருவாள். சில மாதங்களில் நானும்.

மிஸ்ஸின் ஊர் அதற்குள் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. கிளார்க்கின் கவிதைகள் தொகுப்பாக வந்தன. அதைப் படித்த இரண்டு ஓவியக் கல்லூரி மாணவர்கள் கிளார்க் சொல்லித் தேடிவந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போய், முதுகில்லாத மாடுகளையும் முதுகில்லாத மலைகளையும் வரைந்து கல்லூரி ஹாலில் மாட்டினார்கள். அதன் ஆரம்பம் ஒரு ஜாக்ரஃபி மிஸ்ஸின் டைபாய்டு என்று அவர்களுக்குத் தெரியாது. மிஸ்ஸும் பிறகு எங்களோடு மேப் ரூமுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

எண்பத்திரண்டிலோ மூன்றிலோ அவர் வயிற்றில் கட்டியென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஒரு மத்தியானம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். வார்டு முழுக்க வெளிச்சம். பக்கத்துக் கட்டில்காரி மராத்தியில் பேரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், பயமா இருக்கா?"

"சாகதுக்கா? இல்லம்மா. வேற ஒண்ணு. நான் பாத்த ஊரு இப்ப எனக்கு நெனவு வரமாட்டேங்கு. முன்னால கண்ண மூடினா தெரியும், எங்க தெரு மாதிரி. இப்பம் கண்ண மூடினா உன் படந்தான் வருது. அந்த வேப்பமரம், அந்தத் தழும்பு. தெருவுல பேசுறவங்களும் நம்ம கிளார்க்கோட கவிதைய மாதிரியே பேசுதாங்க. நான் பாத்தது எங்க போச்சுன்னு தெரியல."

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"உங்க ரெண்டு பேரு மேல என்ன தப்பு? அழகா செஞ்சிட்டீங்க. அதான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அப்பா நல்ல மனுசன். வெலகவே மாட்டேங்காரு."

நாலாம் நாள் போய்விட்டார். நோட்டுகளை அவருடைய தம்பி வீட்டில் கேட்டேன். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். கிளார்க் வேலையை விட்டுவிட்டு மதுரைக்கே போனார். அதன்பின் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அறிந்தேன். ஒரு பொங்கலுக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள் இருந்தன. இரண்டாவது, கோணலான குழந்தை எழுத்து. அவருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

அம்மா காலமான பிறகு நான் வேறு வீடு மாறினேன். லாரியில் சாமான் ஏற்றியவர்கள், உள்ளறையில் இருக்கும் பெரிய பலகையையும் ஏற்றட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தபோது, அதை எடுக்கச் சொல்லவும் இல்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் இல்லை. அதன்பிறகு பள்ளியில் இருந்தவரை பிள்ளைகளுக்குப் பானையும் பழமும் வரையச் சொல்லிக்கொடுத்தேன். மனித முகம் கேட்டால், அதற்கு வேறு டீச்சர் இருக்கிறார் என்று அனுப்பிவிடுவேன்.