வெள்ளை ஓரிதழ் தாமரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனைக் காலி மனையில் முட்டி போட்டு ஒரு செடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் தேடிக்கொண்டிருந்த கல்யாணி டீச்சருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து எனக்குச் சின்னப் பூக்கள் மேல் பைத்தியம். மிதித்துக்கொண்டு போகிற பூவை மிக அருகில் வைத்து மேக்ரோவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால்... உள்ளே கோடு, புள்ளி, மகரந்தம் எல்லாம் தெரியும். படத்தை ஓர் இமெயில் குழுவுக்கு அனுப்புவேன். அங்கே இருப்பவர்கள் பெயர் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

கடைசியாக அனுப்பியது ஓரிதழ் தாமரை. பெயரில்தான் தாமரை, பூ சட்டைப் பொத்தான் அளவுதான். வழக்கமாக ரோஸ் நிறம். என்னுடையது சுத்த வெள்ளை. 'ஆட்டமே இல்லாத படம். எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தீர்களோ?' என்று பாராட்டினார்கள். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

நான் காத்திருக்கவே இல்லை. காற்றில் பூ ஆடிக்கொண்டே இருந்தது. எடுத்த படமெல்லாம் கலங்கலாக வந்தன. எரிச்சலில் செடியை வேரோடு பிடுங்கி வந்து, பால்கனியில் டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, பின்னால் கறுப்புச் சார்ட் பேப்பர் வைத்து எடுத்த படம் அது.

கல்யாணி டீச்சர் பொழிச்சலூரிலிருந்து போன் செய்தார். குழுவில் பழக்கம், பள்ளியில் உயிரியல் எடுப்பவர்.

"வெள்ளையில நான் பார்த்ததே இல்ல சார். வெயில்ல வெளுத்ததா, செடியே அப்படியான்னு பக்கத்துல பார்க்கணும். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வாங்க டீச்சர்" என்றேன்.

பஸ் மாறி வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் லென்ஸோடு ஒவ்வொரு செடியாக விலக்கிப் பார்த்தார். வெயில் ஏறியது. நானும் தேடினேன். தேடுவதைவிடத் தேடுவதுபோல் நடிப்பது களைப்பான வேலை — தெரியுமா உங்களுக்கு?

கடைசியில், "மாடு மேஞ்சிருக்கும் சார்" என்றார்.

"ஆமா டீச்சர், இங்க மாட்டுத் தொல்லை ஜாஸ்தி" என்றேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காபி கொடுத்த என் மனைவி, "எதைத் தேடினீங்க? அந்த வெள்ளைப் பூச்செடியா? அதை இவர்தானே பிடுங்கிட்டு வந்தார்... பால்கனியில வாடிக் கெடக்கு" என்றாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய் அந்தச் செடியை எடுத்து வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"நான் முதல்லயே சொல்லியிருக்கணும் டீச்சர்..."

"மொட்டும் வெள்ளையாத்தான் இருக்கு. வெளுத்தது இல்ல" என்றார். "காய்தான் முத்தல சார். முத்தியிருந்தா விதையாவது கிடைச்சிருக்கும்."

அவ்வளவுதான். செடியைப் பேப்பரில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நடந்தே போனார்.

மறுநாள் குழுவில் அவருடைய மெயில். 'வெள்ளை ஓரிதழ் தாமரைதான். இடம்: தாம்பரம். கண்டுபிடித்தவர்...' — அங்கே என் பெயர். பிடுங்கியதைப் பற்றி ஒரு வரி இல்லை. காட்டிக் கொடுத்திருந்தால் அவர் மேல் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

வாழ்த்து மெயில்கள் இன்னும் வருகின்றன. 'இடத்தைச் சொல்லுங்கள், நாங்களும் வந்து பார்க்கிறோம்' என்கிறார்கள்.

எல்லாருக்கும் சேர்த்து என் பதில், இந்த வாரப் பத்திதான்.