புறவாசல் குப்பையில் ஊற்றிய பால்

என் வீட்டுக்காரர் தென்காசியில் சயன்ஸ் வாத்தியார். யுத்த காலத்தில் அவரவர் வீட்டிலேயே காய்கறி போடவேண்டும் என்று சர்க்கார் சொன்னதை ஊரில் அவர் ஒருவர்தான் காதில் வாங்கினார் என்று நினைக்கிறேன். புறவாசலில் சருகு, வைக்கோல், சாணம், அடுப்புச் சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு இடுப்புயரத்துக்குக் குவித்தார். சாரலில் நனையக் கூடாதென்று மேலே களிமண்ணும் பூசிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துணி காயப்போட இருந்த ஒரே இடம் அது.

குப்பை நன்றாக மக்க வேண்டுமானால் உள்ளே சூடு ஏற வேண்டுமாம். அதைப் பார்க்க, கடப்பாரையால் உச்சியில் ஒரு துளை போட்டு, நீளமான தெர்மாமீட்டரைச் சணலில் கட்டி இறக்கினார். காலையில் அதை எடுத்துப் பார்த்தபிறகுதான் அவருக்குக் காபி இறங்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மனிதர் இத்தனை தடவை பார்த்ததில்லை. சூடு இறங்கினால் குவியலைப் பிரித்துப் புரட்டிப் போட வேண்டும், காற்றுப் பட்டதும் திரும்ப ஏறிவிடும் என்று எனக்கும் பாடம் நடந்தது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தெர்மாமீட்டரை வெளியே இழுத்தவர், "ஏட்டி, இங்கன வா!" என்று கத்தினார். கண்ணாடிக் குழாய் முழுக்கப் பாலும் முட்டையும் அப்பியிருந்தன. முட்டை பாதி வெந்தும் போயிருந்தது. துளையைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும். எனக்குப் புரிந்துவிட்டது. களிமண் மேடு, உச்சியில் துளை, குளிர்ந்த காலையில் அதிலிருந்து ஆவி. யாரோ பாம்புப் புற்று என்று நினைத்துப் பால் ஊற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. வேலி இடைவெளியில் நுழைந்து வரக்கூடியவள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி அவள் மாமியார் சுந்தரபாண்டியபுரத்துக்கு ஆள் அனுப்பியிருந்தது தெருவுக்கே தெரிந்த சங்கதி.

"குப்பைக்குப் பால் ஊத்துனா பிள்ளை பொறக்குமா? போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் விடவில்லை. அவளுக்கு மிச்சம் இருக்கிற நம்பிக்கை அது ஒன்றுதான், அதையும் பிடுங்கவா என்று சண்டை போட்டேன். ஆடி முடியும்வரை குவியலைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். முறைத்தாலும் கேட்டுக்கொண்டார். ஆனால் சூடு இறங்கத் தொடங்கியது. தெர்மாமீட்டரைப் பார்க்கப் பார்க்க அவர் முகமும் இறங்கியது.

ஆடிக் கடைசி வெள்ளியன்று பொறுமை போய், மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். அதே நேரம் அவள் பால் செம்போடு வேலியருகே வந்து நின்றாள். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள், "இது புத்து இல்லம்மா, வெறும் குப்பை" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அவள் முகம் மாறவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. நீங்க சாணியைக் கொட்டும்போதே பாத்தேன்" என்றாள். பிறகு என்னிடம், "கோயில் புத்துக்குப் போனா 'இந்த வருசமும் ஒண்ணும் இல்லையா'ன்னு கேக்குதாவ மதினி. இங்கன ஒருத்தரும் கேக்க மாட்டாவ. கையை வச்சா, உள்ள ஒரு உசுரு இருக்க மாதிரி வெதுவெதுன்னு இருக்கும்."

சொல்லிக்கொண்டே குனிந்து களிமண்ணில் உள்ளங்கையை வைத்தாள். "இப்ப ஆறிப்போச்சே."

பக்கத்திலேயே இருந்தும் நான் ஒரு நாள்கூட அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிரிச்சுப் போட்டா மறுபடி சுடுமா, அண்ணாச்சி?"

"சுடும்மா" என்றார்.

அவள் செம்பை வேலியோரம் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.