மூன்று மிடறு மழைத்தண்ணீர்

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.10. தூறல் வருவதும் நிற்பதுமாக இருந்தது. அதற்குள் குடையை ஆறு தரம் விரித்துச் சுருக்கிவிட்டேன்.

என் மகன் மணந்தது ஒரு யூதப் பெண்ணை. கிழக்கு லண்டனில் பழைய பண்டகசாலை ஒன்றில் அன்று அவளுடைய முதலாவது கலைக் கண்காட்சி. அவர்கள் சமயத்தில் முழுகித் தூய்மையாகும் குளத்துக்கு மழையோ ஊற்றோ தானாக வந்து சேரவேண்டுமாம். ஆகவே கூரையில் விழும் மழை பீலிக் குழாய் வழியே இறங்கி நிறையும் சிறிய சீமெந்துக் குளம் ஒன்றைச் செய்திருந்தாள். வருபவர்களின் கையில் அந்தத் தண்ணீரை இரண்டு பிடி வைத்த செம்பினால் மூன்று தரம் ஊற்றுவாள். பாண் ரொட்டி சாப்பிடுமுன் அவர்கள் கைகழுவும் முறை அது. கூரையில் புறா இருக்கிறதா என்று அவளிடம் நாலு தரம் கேட்டிருந்தேன். நாலு தரமும் இருக்கிறது என்றாள்.

தண்ணீரால் ஏதும் தொல்லை வந்தால் கண்காட்சியை உடனே மூடிவிடுவேன் என்று மண்டபத்து மேலாளர் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு அவளின்ரை நாள். ஒண்டும் பிழைவிட்டுப் போடாதேங்கோ" என்று கிங்ஸ்பரியில் பஸ் ஏறியதிலிருந்து மனைவி ஐந்து தரம் சொல்லிவிட்டாள்.

வரிசையில் நான் பன்னிரண்டாவது ஆள். மருமகள் செம்பைச் சரித்தாள். தண்ணீர் பட்டதும் என் வலது கை தானாகக் குழிந்தது. எழுபது வருடமாகக் கோயிலில் ஐயர் தீர்த்தம் தரும்போது குழிகிற கை. மூன்று தரமும் குடித்தேன். ஈரத்தைத் தலையில் தடவினேன்.

"ஐயோ, புறா!" என்றாள் மனைவி.

மருமகள் சிரிப்பை அடக்க ஏலாமல் செம்பைக் கீழே வைத்தாள். பின்னால் நின்ற மொட்டைத்தலை வெள்ளைக்காரர் இதுதான் முறை என்று நினைத்து, தானே செம்பை எடுத்துப் பயபக்தியோடு குடித்து மொட்டையில் தடவிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர்.

மேலாளர் ஓடிவந்தார். மூடவேண்டியதுதான் என்றார். மருமகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

தொடங்கியது நான்தான், இனி ஒருவரையும் குடிக்கவிடாமல் நானே காவல் நிற்கிறேன் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் குடையையும் என்னையும் பார்த்தார். "ஐந்து மணிவரைக்குமா?" என்றார். ஓம் என்றேன்.

நின்றேன். நூற்று நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். ஒரு துளியும் ஒருவர் வாயிலும் போகவில்லை. இரண்டே கால் மணிக்குப் பெருமழை பிடித்தது. பீலி இரைந்து, குளம் ததும்பி, தண்ணீர் என் சப்பாத்துக்குள் புகுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், மேலாளரும்தான். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் தட்டினேன், ஏனென்று தெரியாமலே.

"மாமா, டேஸ்ட் எப்பிடி?" என்றாள் மருமகள், மகனிடம் பழகிய தமிழில்.

"கொஞ்சம் புறா."

அவள் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவு ஐந்து மணிக்குத்தான் மூடப்பட்டது.

அன்றைய செலவு: பஸ்ஸுக்கு முதியோர் பாஸ், இலவசம். காய்ந்த சொக்ஸ் ஒரு சோடி, வயிற்றுக்கோளாறுக்குக் குளிசை ஒரு பெட்டி, அதை இன்னும் உடைக்கவில்லை. மொத்தம் ஏழு பவுண்ட் எண்பத்தைந்து பென்ஸ்.