அத்தை ஆடிய தரை

"ஊரான் காலைப் பிடிச்சு விடவா ஏட்டி இம்புட்டுப் படிச்ச?"

பிசியோதெரபி முடித்துவிட்டு மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள எங்கள் எஸ்டேட்டுக்குத் திரும்பிய அன்று அத்தை கேட்டது இது. அப்பாவின் தங்கை. கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே கேட்டுவிட்டுச் சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அதனால் அவள் கேலி என்னைத் தொடவில்லை.

அத்தைக்குச் சர்க்கரை. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது? விடியற்காலையில் ரோட்டில் யானை நிற்கும். சாயங்காலம் பனி இறங்கி, எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. அதனால் ஆடலாம் என்றேன். பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் காப்பகக் கூடம் மாலையில் காலியாகத்தான் கிடக்கும். கல்லூரி விடுதியில் எனக்குப் பழக்கமான ஃபங்க் பாட்டுகளைப் போட்டேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் என் அப்பா பிறந்த காலத்தில் ஆடிய இசை அது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் தட்டு கனமாக விழும், கால் தானாகவே தரையில் இறங்கும். அடியில் உருளும் கிட்டாரைக் கேட்டு, "உலை கொதிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள் அத்தை. ஆனால் முதலில் ஆடியவள் அவள்தான். இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவதுபோல் காற்றைக் கிள்ளி, கனத்த தட்டு வரும்போது தோளுக்குப் பின்னால், இல்லாத கூடைக்குள் வீசினாள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்று அத்தையே சொன்னாள். பிள்ளைகள் படுக்கும் தரை என்பதால் பூட்ஸை எல்லாரும் வாசலிலேயே கழற்றிவிடுவோம்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ரத்தத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காட்டுக்குள் போய் வந்தவள் காலில் அட்டை கடித்திருக்கும், கொஞ்ச நேரம் வழியும், நிற்கும். ஒரு மாலை கூடத்துத் தரையிலும் ரத்தம் இருந்தது. "அட்டை" என்றாள் ஒருத்தி, ஆட்டத்தை நிறுத்தாமல். "கடிச்ச எடம் ஆற மாட்டேங்குது. சுண்ணாம்பு வச்சிருக்கேன், நீ பாட்டைக் கூட்டு" என்றாள் அத்தை. அட்டைக் கடி கணுக்காலிலிருந்து நூலாக ஒழுகும். இது அப்படி இல்லை. கனத்த தட்டு விழும்போதெல்லாம், அவள் வலது கால் ஊன்றிய இடத்தில், முத்திரை குத்தியதுபோல் பதிந்தது.

பாட்டை நிறுத்தி அவளை உட்காரவைத்துக் காலைத் திருப்பினேன். உள்ளங்காலில் ஒரு குத்தூசி, சுவரில் பிள்ளைகளின் படங்களைக் குத்தி வைப்பது. கொண்டை வரைக்கும் இறங்கிப் பல நாளாகியிருக்க வேண்டும். சுற்றிலும் கறுத்திருந்தது, வாடை வந்தது. அதை நான் பிடுங்கும்போது அத்தை என் அம்மாவிடம் மேஸ்திரியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி, எடுத்துட்டியா, இல்லையா?" என்றாள். எடுத்து என் கையில் வைத்திருந்தேன். ஊசியைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குச் சொன்னது, சர்க்கரை அவள் காலில் உணர்வை விட்டுவைக்கவில்லை என்று.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போது அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறாள். உட்கார்ந்தபடியே கொழுந்தை வீசுகிறாள். ஆட்டத்தை நான் நிறுத்தவில்லை. ஆடுகிறவர்களுக்குத் துணி ஷூ வாங்கினோம். பாட்டுக்கு முன்னால் ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். மெல்லிய நைலான் நூலால் உள்ளங்காலைத் தொடுவேன், தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும்.

முதல் மாலை, "ம்" வரவேண்டிய இடங்களில் பலமுறை மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியாக அம்மா. அவளுக்குச் சர்க்கரை பார்த்ததே இல்லை. பாட்டைத் தொடங்காமல் காத்திருந்த அத்தை, "மதினி காலையும் பிடிச்சுப் பாரு ஏட்டி" என்றாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை. அம்மா வெட்கத்தோடு காலை என் மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். பெருவிரலின் அடியில் நூலை வைத்து, அது வளையும்வரை அழுத்தினேன்.

"ஏன் பாப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள் அம்மா.

நூலை அடுத்த விரலுக்கு நகர்த்தினேன்.